லண்டன் இன்ஸ்பெக்டருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை

எங்கள் கொள்ளேகால் பக்கம் விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவிவிட்டால் விசேஷம் முடிந்தது என்று அர்த்தம். கல்யாணமோ காதுகுத்தோ, மேடையில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் சரி, பந்தியிலிருந்து எழுந்தவர் கை ஈரம் காய்வதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். மைசூருக்கு வந்து சேலைக் கடையில் வேலைக்கு நின்று, இங்கேயே வீடும் கட்டி ரிட்டயரும் ஆன பிறகு சொல்கிறேன், இந்த ஊரிலும் அதே கதைதான். தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்ததை மறந்ததால்தான் விஜயநகரில் எங்கள் லேஅவுட் சங்கத்து ஹாலில் நடந்த சினிமா வட்டம், பிறந்த வேகத்தில் சாகக் கிடந்தது.

சினிமா வட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, சங்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அப்புறம் எங்கள் எதிர்வீட்டு டீச்சர். கான்வென்ட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். மைசூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பிள்ளைகள் கனடாவில். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு ஜன்னலில் டிவி வெளிச்சம் மட்டும் நீலமாக ஆடிக்கொண்டிருக்கும். பழைய இங்கிலீஷ் படங்கள். அதிலும், உலகப் போர் முடிந்த கையோடு லண்டனில் எடுத்த கொலை, கொள்ளைப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். எல்லாம் கருப்பு வெள்ளை. முக்கால்வாசி கருப்பு.

வீட்டிலேயே பார்க்கலாமே, ஹால் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்ல பார்த்தா நான் பார்க்கிறேன். ஹால்ல பார்த்தா நாம பார்க்கிறோம்" என்றார்.

மனிதர்கள் சொல்கிற இந்த மாதிரி வாக்கியங்களைப் பொறுக்குவதுதான் என் வாழ்நாள் பழக்கம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, புடவை வாங்க வந்தவர்களிடம் படித்தது நிறைய. டீச்சர் சொன்னதையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சினிமா வட்டத்துக்கு நாற்காலி போடுகிற வேலை என்னுடையது.

முதல் படத்தன்று என்ன செய்தோம் தெரியுமா? நல்ல மனசோடு ஒரு தப்பு செய்தோம். பாதிப் படத்தில் இன்டர்வெல் விட்டு எல்லோருக்கும் உப்பிட்டு என்கிற உப்புமாவும் கேசரிபாத்தும் கொடுத்தோம். டீச்சரின் செலவு. சுடச்சுட, தொன்னையில். சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், டீச்சரிடம் வந்து ரொம்ப நன்றாக இருந்தது என்று கேசரிபாத்தைப் பாராட்டினார்கள், கிளம்பிவிட்டார்கள். தாம்பூலப் பை கொடுக்காததுதான் குறை. பந்திக்கு முந்து என்று சொன்ன நம் பெரியவர்கள், பந்தி முடிந்த பிறகு உட்காரு என்று எங்கேயும் சொல்லி வைக்கவில்லை. திரையில் கொலைகாரன் யார் என்று தெரிந்தபோது ஹாலில் இருந்தது டீச்சர், நான், என் வீட்டுக்காரி, தூங்கிப்போன ஒரு பெரியவர்.

அடுத்த தடவை டீச்சர் கோபத்தில் இன்டர்வெல்லையே எடுத்துவிட்டார். அது இன்னும் மோசம். எங்கள் லேஅவுட்டில் என்னையும் சேர்த்துப் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பிராஸ்டேட். ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். போனவர்கள் அப்படியே வாசல் காற்றுக்கு நின்று, நின்றவர்கள் பேசி, பேசியவர்கள் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்துவிட்டார்கள்.

சங்கத்துச் செயலாளர் இதையெல்லாம் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேங்கில் மேனேஜராக இருந்தவர், நல்ல மனிதர்தான், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். மறுநாள் டீச்சர் வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன்.

"நோடி, பாருங்க டீச்சர், நான் ஒண்ணும் கெட்டவன் இல்லை. இன்னும் ஒரே ஒரு படம் போடுங்க. படம் முடியறப்போ பாதிச் சேராவது நிறைஞ்சிருக்கணும். இல்லேன்னா சனிக்கிழமை சாயங்காலத்தை லாஃபிங் கிளப்புக்குக் கொடுத்துடறேன். அவங்களாவது கடைசி வரைக்கும் சிரிச்சிட்டு உக்காந்திருக்காங்க."

டீச்சர் சரி என்று தலையாட்டினார். செயலாளர் போன பிறகு பீங்கான் கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை. குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. இரண்டு கப்பைக் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது நாற்காலி விஷயம் இல்லை. அந்த ஹால் போனால், டீச்சர் மறுபடியும் அந்த நீல வெளிச்சத்துக்குள் போய்விடுவார்.

கடைசிச் சான்ஸுக்கு என்று அவர் எடுத்த படத்தை முன்கூட்டியே அவர் வீட்டில் டீச்சரும் நானும் என் வீட்டுக்காரியும் உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் படத்தின் கதையை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

போர் முடிந்த லண்டன். குண்டு விழுந்து பாதி இடிந்த தெருக்கள், எந்நேரமும் பனிமூட்டம், எதற்கெடுத்தாலும் ரேஷன். ஒரு கிடங்கில் காவல்காரன் செத்துக் கிடக்கிறான். அவனைச் சுற்றி இருட்டுத் தரையில் வெள்ளையாக என்னமோ சிந்தியிருக்கிறது. பனியா, உப்பா தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறார். சர்க்கரை. திருடு போனது சர்க்கரை மூட்டைகள். அதைப் பேப்பர்க்காரர்களிடம் அவர் சொல்லவில்லை. தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்.

இந்தப் பக்கம் ஒரு அம்மாள். போருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மாடி அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள். மாடியில் ஒரு வாலிபன், மரியாதையான பேச்சு, பளபளவென்று ஷூ. ஒருநாள் அவளுக்கு ஒரு காகிதப் பை நிறையச் சர்க்கரை கொண்டுவந்து கொடுக்கிறான். கிராமத்து அத்தை அனுப்பியது என்கிறான். மாதக்கணக்கில் சர்க்கரை கண்ணில் படாதவள், அந்தப் பைக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நமக்குத் தெரியும்.

பிறகு அந்த இன்ஸ்பெக்டர் தெருவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கும் வருகிறார். வெளியே குளிர். அவள் உட்காரச் சொல்லி டீ போடுகிறாள். பேசிக்கொண்டே, கை பழக்கத்தில், அவர் கப்பில் ஒரு கரண்டி சர்க்கரை போடுகிறாள். இன்னொரு கரண்டியும் போடுகிறாள். ஊரே சர்க்கரைக்கு ஏங்குகிற காலத்தில், போலீஸ்காரர் கப்பில் இரண்டு கரண்டி.

"அடப் பாவி மவளே" என்றாள் என் வீட்டுக்காரி. அப்புறம் அவளே, "அவ மேல என்னங்க தப்பு? வீட்டுக்கு வந்தவங்களுக்கு வெறும் டீயா குடுப்பாங்க?" என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கு எங்கள் கடை முதலாளி ஞாபகம் வந்தார்.

முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: முந்தானையை முதலில் விரிக்காதே. புடவையின் கரையைக் காட்டு, உடலைக் காட்டு, கலரைப் பற்றிப் பேசு. அந்த அம்மாளின் கண் மடிப்புக்குள்ளே போய்விட்டது என்று தெரிந்ததும் நிறுத்து. காபிக்குச் சொல்லு. காபி டம்ளர் கையில் இருக்கும்போது எழுந்துபோனவர்கள் கிடையாது. குடித்து முடித்ததும் அவர்களே கேட்பார்கள், முந்தி எப்படி இருக்கு என்று.

டீச்சரிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அந்தக் கப்பைத் தூக்கி உதட்டுக்குக் கொண்டுபோகிறார் பாருங்கள், உதட்டில் படுவதற்கு முன்னால் நிறுத்துங்கள், அங்கேதான் இன்டர்வெல் என்றேன். டிபன் கிடையாது, டீ மட்டும். அதுவும் காகிதக் கப்பில் வேண்டாம், சங்கத்து எவர்சில்வர் டம்ளரில். காகிதக் கப் என்றால் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். டம்ளரைத் திருப்பி வைக்க உள்ளே வந்துதான் ஆகவேண்டும். உப்பிட்டும் கேசரிபாத்தும் படம் முடிந்த பிறகுதான்.

டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. படம் எடுத்தவர் அந்த இடத்தில் மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை, கப்புக்கும் உதட்டுக்கும் நடுவே கத்தி வைப்பது பாவம் என்றார். இங்கிலீஷ் படத்தில் இன்டர்வெல்லே கிடையாது என்றார். நான் முதலாளி கதையைச் சொன்னேன். கேட்டதும் டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்போ அந்த மயில்கழுத்துப் புடவை... எங்க கல்யாண நாளுக்கு உங்க கடையில வாங்கினது. வேண்டாம்னு எழுந்துக்கப் போனேன். நீங்க காபிக்குச் சொன்னீங்க."

ஆமாம் என்றேன்.

"இப்பவும் அதுதான் எனக்கு இருக்கறதிலேயே நல்ல புடவை" என்றார். "சரி. அங்கேயே நிறுத்துவோம்."

அடுத்த கவலை டீ. எங்கள் லேஅவுட்டில் எந்த விசேஷம் என்றாலும் டீ இரண்டு பிளாஸ்கில் வரவேண்டும். ஒன்றில் சர்க்கரை போட்டது, மற்றதில் போடாதது. போடாத பிளாஸ்கின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதுதான் எப்போதும் முதலில் தீரும். டீ போடுகிற வேலையை, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்டின் காவல்காரர் மனைவியிடம் ஒப்படைத்தோம். அவள் ஊர் ஹனூருக்கு அந்தப் பக்கம், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில். எங்கள் பேச்சும் அவள் பேச்சும் ஒன்று என்பதால் வந்த நாளிலிருந்து எனக்குத் தங்கச்சி முறை. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் முதல் இரண்டு படங்களையும் ஹால் வாசலில் நின்றபடி கடைசி வரை பார்த்தது, எங்களைத் தவிர, அவள்தான். எப்படிப் புரிகிறது என்று கேட்டதற்கு, "பொய் சொல்றவன் மூஞ்சி எந்த ஊர்லயும் ஒண்ணுதானுங்ண்ணா" என்றாள். அதையும் மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. ஹால் நிறையக் கூட்டம். அதில் மகிழ ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் எப்போதும் கூட்டம் இருக்கும், கேசரிபாத் புகழ் பரவியிருந்தது. லாஃபிங் கிளப்பாரும் வந்திருந்தார்கள், தங்களுக்கு வரப்போகிற ஹாலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. டீச்சர் மயில்கழுத்துப் புடவையில் வந்திருந்தார். படத்தைப் பற்றி முன்னுரை பேச எழுந்தவர், இரண்டே வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

படம் ஆரம்பித்தது. கிடங்கு இருட்டு, தெரு இருட்டு, மனிதர்கள் இருட்டு.

"ஏன் சார் இப்படிக் கருக்கல்ல இருக்கு, புரொஜெக்டர் பல்பு போயிடுச்சா?" என்று செயலாளர் என்னிடம் கேட்டார். பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். இந்தப் படங்களின் அழகே அந்த இருட்டுதான் சார், பழகிக்கொள்ளுங்கள் என்றேன். பழகின கண்ணுக்கு இருட்டும் விளக்கு என்று என் மாமனார் சொல்வார். அவர் சொன்னது வேறு விஷயத்துக்கு.

ஆனால் ரேஷன் க்யூ திரையில் வந்ததும் ஹால் மாறியது. பெண்கள் பையோடு வரிசையில் நிற்கிறார்கள், ஒருத்தி நடுவில் நுழையப் பார்க்கிறாள், பின்னால் இருப்பவள் அவள் தோளைப் பிடித்து இழுக்கிறாள். வெள்ளைக்காரி என்றால் என்ன, க்யூ என்று வந்துவிட்டால் எல்லோரும் நம்மவர்கள்தான். எங்கள் வரிசையில் ஒரு அம்மாள், மண்ணெண்ணெய்க்கு நின்ற காலத்தில் தானும் ஒருத்தியை இப்படித்தான் இழுத்ததாகவும், அவளே பிறகு சம்பந்தி ஆனதாகவும் சொன்னார். டீயில் போட்டுக்கொள்ளச் சர்க்கரை இல்லாமல் ஒரு மாத்திரையைக் கரைத்துக் குடிக்கிறார்கள். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் விரலை நாக்கில் வைத்தபோதே ஹால் அமைதியாகிவிட்டிருந்தது. மாடி வாலிபன் காகிதப் பையை நீட்டியபோது ஒரு பெருமூச்சு கேட்டது, பல பேர் சேர்ந்து விட்ட பெருமூச்சு.

இன்ஸ்பெக்டர் வந்தார். உட்கார்ந்தார். அம்மாள் கெட்டிலை வைத்தாள். முதல் கரண்டி.

"வேண்டாம்மா" என்றது ஒரு ஆண் குரல். செயலாளர்.

இரண்டாவது கரண்டி. இன்ஸ்பெக்டர் கப்பைப் பார்க்கிறார். அவளைப் பார்க்கிறார். கப்பைத் தூக்குகிறார். ஆவிக்கு மேல் அவர் கண் மட்டும் தெரிகிறது.

டீச்சர் பட்டனை அழுத்தினார். நான் விளக்கைப் போட்டேன்.

ஹாலில் எழுந்த சத்தம் இருக்கிறதே, பஸ் திடீரென்று பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டிரைவரைத் திட்டுவார்களே, அந்தச் சத்தம். டீச்சர் பயந்து என்னைப் பார்த்தார். எனக்கோ பாதி நிம்மதி. திட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். நன்றாக இருந்தது என்று பாராட்டுகிறவர்கள்தான் போவார்கள்.

கதவு திறந்தது. எங்கள் ஹனூர்த் தங்கச்சி இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்கோடு உள்ளே வந்தாள். வாசலில் நின்று அவளும் அந்தக் கப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செயலாளர் முன்னால் போய் நின்றாள். சிரிக்கவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஆனால் ஹாலுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"சார், சக்கரை போட்டது வேணுமா, போடாததா? யோசிச்சுச் சொல்லுங்க, இன்ஸ்பெக்டர் பாத்துட்டு இருக்காரு."

திரையில் இன்ஸ்பெக்டர் கப்பும் கையுமாக அப்படியே உறைந்து, நேராகச் செயலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பை லாஃபிங் கிளப் கூடச் சிரித்திருக்காது. கிளப்பாரே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடாததே கொடம்மா, எனக்கு எதுக்கு வம்பு" என்றார்.

அதற்குப் பிறகு டம்ளரும் கையுமாக ஒரு வழக்கு நடந்தது பாருங்கள். அந்த அம்மாள் செய்தது தப்பா இல்லையா? ஒரு கட்சி, அவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் வாங்கினதே தப்பு என்றது. இன்னொரு கட்சி, அன்பாகக் கொடுத்ததை வாங்காமல் இருக்க முடியுமா என்றது. லாஃபிங் கிளப் தலைவர், ஊட்ட பல்லவனிகெ ரோகவில்ல, மாது பல்லவனிகெ ஜகளவில்ல என்று கன்னடத்தில் எடுத்துவிட்டார். சாப்பிடத் தெரிந்தவனுக்கு நோயில்லை, பேசத் தெரிந்தவனுக்குச் சண்டையில்லை என்று அர்த்தம். அந்த அம்மாள் பேசிச் சமாளித்துவிடுவாள் என்பது அவர் கட்சி. தங்கச்சி டம்ளர் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கோணும். சக்கரை தின்னவ என்னத்தைக் குடிக்கோணும்ங்ண்ணா?"

புடவை விற்ற காலம் முதல் எத்தனையோ பேச்சு சேர்த்து வைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஒன்று கிடைத்ததில்லை.

நான் விளக்கை அணைக்கும் முன்பே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. டம்ளரைத் திருப்பி வைக்க வந்தவர்கள் என்று சொல்ல முடியாது, டம்ளரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "போடுங்க டீச்சர், போடுங்க" என்று நாலா பக்கமும் குரல்.

இன்ஸ்பெக்டர் குடித்தார். டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாள் மாடி அறையைச் சுத்தம் செய்யும்போது வாலிபனின் பேன்ட் அடிமடிப்பிலிருந்து சர்க்கரை மணிகள் உதிர்கின்றன. அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியது அவனுக்கும் விளங்கிவிட்டது. அவன் படிக்கட்டில் இறங்கி வருகிறான், நிழல் அவனுக்கு முன்னால் வருகிறது. அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பனிமூட்டத்தில் இறங்குகிறாள். பின்னாலேயே காலடிச் சத்தம். தெருமுனையில் கண்ணாடி டெலிபோன் கூண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கையில் காசு. காசைப் போட்டால் அவன் மாட்டுவான், சர்க்கரை வாங்கிய அவளும் மாட்டுவாள். காசைத் துளையருகே கொண்டுபோகிறாள்.

கரண்ட் போய்விட்டது.

மழை வரப்போகிற சாயங்காலம், எங்கேயோ லைன் போயிருக்கும். ஒரு இன்டர்வெல்லுக்கு நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இது நான் வைக்காத இன்டர்வெல். ஹால் ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்பது செயலாளருக்கும் எனக்கும் தெரியும். கேசரிபாத் வாசனை வேறு உள்ளே வந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாராவது ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தால் போதும், ஆடு மந்தைபோல மற்றவர்களும் போய்விடுவார்கள்.

இருட்டில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

யாரோ ஒருவர் மொபைல் டார்ச்சைப் போட்டார். எழுந்து நின்றது டீச்சர். முகம் வெளிறியிருந்தது. எல்லோரும் மன்னிக்க வேண்டும், கரண்ட் எப்போது வருமோ தெரியவில்லை, யாரையும் காக்க வைக்க விரும்பவில்லை, மீதிக் கதையை நான் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"சொல்லாதீங்க டீச்சர்" என்றது ஒரு குரல். எங்கள் வரிசையில் இருந்த மண்ணெண்ணெய் அம்மாள்.

"பேடா டீச்சர், வேண்டாம்" என்றார் லாஃபிங் கிளப் தலைவர்.

"ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்றார் செயலாளர். "கரண்ட் வரட்டும். உக்காருங்க."

டீச்சர் உட்கார்ந்தார். இரண்டு படமாக முடிவு என்ன என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவரை, இன்றைக்கு ஹாலே சேர்ந்து வாயை மூடச் சொல்லிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருட்டில் வழக்கு தொடர்ந்தது. காசைப் போடுவாளா மாட்டாளா? போடுவாள் என்றவர்கள் ஒரு பக்கம், மாட்டாள் என்றவர்கள் ஒரு பக்கம். என் வீட்டுக்காரி கதவோரம் உட்கார்ந்திருந்த தங்கச்சியைக் கேட்டாள். போடுவாள் என்று தீர்மானமாகச் சொன்னாள் அவள். எப்படித் தெரியும் என்றதற்கு, "காசைக் கையில எடுத்துட்டு ஊட்ட உட்டு எறங்கினாளே, அப்பவே போட்டுட்டாளுங்க்கா" என்றாள். யாரும் போகவில்லை. ஒருவர் வெளியே போனார். கதவு சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினோம். நனைந்துகொண்டே திரும்பி வந்தார், பாத்ரூம் போயிருக்கிறார்.

கரண்ட் வந்ததும் ஒரே கைதட்டல், புரொஜெக்டர் சூடாகிற வரைக்கும் யாராலும் பொறுக்க முடியவில்லை.

அவள் காசைப் போட்டாள். போலீஸிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அவனைப் பற்றி இல்லை. சர்க்கரை வாங்கியது நான்தான் என்று தன் பெயரைச் சொன்னாள், தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். அப்புறம்தான் அவனைச் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தவன் கையை ஓங்கி, இறக்கி, பனிமூட்டத்துக்குள் ஓடினான். விசில் சத்தங்கள். இடிந்த வீடு ஒன்றின் படிக்கட்டில் ஏறினான். மேலே வீடு இல்லை, வெறும் ஆகாயம்தான். அங்கே பிடித்தார்கள்.

கடைசிக் காட்சி. அதே மேஜை, அதே நாற்காலி, அதே இன்ஸ்பெக்டர். அவள் டீ ஊற்றுகிறாள். சர்க்கரை இல்லை என்று தலைகுனிந்து சொல்கிறாள். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுக்கிறார். அவருடைய ரேஷன். பிரிக்கிறார். ஒரு கரண்டி அவள் கப்பில் போடுகிறார், அப்புறம்தான் தன் கப்பில்.

விளக்கைப் போட எனக்குக் கை வரவில்லை. கைதட்டல் ஆரம்பித்து, நாற்காலிகள் நகர்ந்து, ஹாலே எழுந்து நின்றது. நான் பின்வரிசை வரை ஒரு பார்வை பார்த்தேன். காலி நாற்காலி ஏதாவது இருந்தால், அது எழுந்து நின்றவருடையதுதான். லாஃபிங் கிளப் தலைவர் டீச்சரிடம் நேராகப் போய், சிரிக்கிறதுக்குக் காலைக் காற்றுதான் டாக்டர்கள் சொன்னது, சாயங்காலம் நமக்கு வேண்டாம் என்றார். செயலாளர் அருகிலேயே நின்று தலையாட்டினார். டீச்சரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அடுத்த படத்துக்கு ஜெனரேட்டருக்கு டீசல் போட்டு வைக்கட்டுமா டீச்சர்?"

"போடுங்க" என்றார் டீச்சர். வகுப்பில் சொல்கிற குரல். பிறகு மயில்கழுத்துத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தி பரிமாறக் கரண்டியைக் கையில் எடுத்தார். உப்பிட்டு ஆறிப்போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. கை கழுவிய பிறகும் ஒருவரும் கிளம்பவில்லை. மழை விட்டதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜனங்களை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், கை கழுவிவிட்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உப்பிட்டுக்குப் பிறகு பிளாஸ்குகளை மறுபடி நிரப்பி இரண்டாவது சுற்று டீ. எல்லோரும் போன பிறகு தங்கச்சி இரண்டு பிளாஸ்கையும் மேஜைமேல் வைத்து என்னையும் என் வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள். சிவப்பு நூல் கட்டிய பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினாள். கனமாக இருந்தது, விளிம்பு வரை டீ. மற்றதைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

லேஅவுட்டின் மொத்தச் சர்க்கரை வியாதிக்காரர்களும் அன்றைக்கு இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து குடித்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரி மெதுவாகத் திரும்பி என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். வாங்கி, அடியில் இருந்த மிச்சத்தில் ஒரு விரலை விட்டு, நாக்கில் வைத்தாள்.

"ஏனுங்க," என்றாள், "நீங்களே ஒத்துக்கறீங்களா, இல்லை போன் போடட்டுமா?"